கண்ணை மூடினால் வந்து நிற்பவர்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யோகமும் மன அமைதியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்கள் மறுபடி மறுபடி கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஐயா, உடம்பு ஓரளவு வளையுது. மூச்சும் பிடிபட்டுப் போச்சு. ஆனா கண்ணை மூடி உட்கார்ந்தா மனசு நிக்க மாட்டேங்குது. என்ன பண்றது?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால், "மனசு எங்கே போகுது?" என்று கேட்பேன். "எங்கெங்கேயோ போகுது" என்பார்கள். இன்னும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் தெரியும், அது எங்கெங்கேயோ போவதில்லை. குறிப்பிட்ட சில வாசல்களுக்குத்தான் போகிறது. ஒருவருக்கு, பாகப்பிரிவினைக்குப் பிறகு பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பி. இன்னொருவருக்கு, எல்லார் முன்னாலும் தன்னை ஒரு வார்த்தை சொல்லிவிட்ட மேலதிகாரி. ஓர் அம்மாவுக்கு, கல்யாணமான புதிதில் நாத்தனார் சொன்ன ஒரு சொல். அந்த அம்மாவுக்குப் பேரன் பிறந்துவிட்டான். அந்தச் சொல்லுக்கு மட்டும் இன்னும் வயசாகவில்லை.

கண்ணை மூடினால் வந்து நிற்பவர்கள் எல்லாரும் மனிதர்கள். நமக்குத் தெரிந்த, பெரும்பாலும் மிக நெருங்கிய மனிதர்கள். இன்று நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான். மனத்தின் இரைச்சலில் பெரும்பங்கு, பிறரோடு நமக்குத் தீராமல் கிடக்கும் கணக்கு. அந்தக் கணக்கைத் தொடாமல், உடம்பை வளைப்பதாலும் மூச்சை அளப்பதாலும் மட்டும் அமைதி வந்து தங்காது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. யோக நூலே இதைச் சொல்கிறது. நாம்தான் அந்த இடத்தில் நிற்காமல் ஆசனப் படங்கள் இருக்கிற பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

மனம் அலைவது ஏதோ நமக்கு மட்டும் வந்த குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2010-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரின் கைபேசிக்கு அவ்வப்போது எதிர்பாராத நேரத்தில் கேள்வி அனுப்பினார்கள். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்பவைதான் கேள்விகள். வந்த பதில்களில் 46.9 சதவீதம், மனம் வேறெங்கோ இருப்பதாகச் சொன்னது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழப் பாதி நாம் இருக்கும் இடத்தில் இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளலாம். அப்படி அலைந்துகொண்டிருந்தபோது மக்கள் கூடுதலாக மகிழ்ச்சி இழந்திருந்தார்கள் என்பது இன்னும் முக்கியம். மனம் இனிமையான நினைவுக்குப் போனபோதுகூட, செய்கிற வேலையில் ஊன்றி இருந்ததைவிட மகிழ்ச்சி கூடவில்லை.

இதற்கும் மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் திருச்சியில் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அரசில் பணியாற்றிய ஒருவர், இதே துன்பத்தைப் பாடியிருக்கிறார். தாயுமானவர். மதம் பிடித்த யானையை நடத்தலாம், புலியின் வாயைக் கட்டலாம், ஆனால் எண்ணத்தை அடக்கிச் சும்மா இருப்பது மட்டும் கைகூடவில்லை என்று இறைவனிடம் முறையிட்ட மனிதர் அவர். அரசாங்க அலுவலில் இருந்தவருக்கு மனிதர்களால் மனம் படும் பாடு தெரியாமல் இருந்திருக்குமா?

சரி, பதஞ்சலிக்கு வருவோம். அவருடைய யோக சூத்திரங்கள் மொத்தம் 195. சில பதிப்புகளில் 196 என்று எண்ணுவார்கள். நான்கு பாதங்களாகப் பிரித்திருக்கிறது. இதில் ஆசனம் எப்படி இருக்க வேண்டும், அதனால் என்ன வரும் என்று விளக்குபவை மூன்றே மூன்று சூத்திரங்கள். உறுதியாகவும் சுகமாகவும் உட்காருவது, முயற்சியைத் தளர்த்துவது, அதனால் வெப்பம் குளிர்ச்சி போன்ற இரட்டைகள் நம்மைத் தாக்காமல் இருப்பது. அவ்வளவுதான். தலைகீழாக நிற்பது பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் யோகத்தின் எட்டு அங்கங்களில் முதலாவதாக இயமத்தை வைக்கிறார். துன்புறுத்தாமை, வாய்மை, திருடாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்க்காமை என்ற ஐந்து. இந்த ஐந்தும் நாம் இன்னொருவரிடம் நடந்துகொள்ளும் முறை. தனியாகக் குகையில் இருப்பவனுக்கு எதற்குத் திருடாமை?

முதல் பாதத்தில் இன்னும் நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் அதிகமாகத் திரும்பத் திரும்பப் போய்ப் படித்த இடம் அது. மனம் தெளிய என்ன வழி என்று கேட்டுக்கொண்டு பதஞ்சலி ஏழு வழிகளை அடுக்குகிறார். ஏழாவது, உனக்குப் பிடித்த எதையாவது தியானித்துக்கொள் என்பது. எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். இரண்டாவது, மூச்சை வெளியே விட்டு நிறுத்துவது. மூச்சே இரண்டாவதாகத்தான் வருகிறது என்றால் முதலாவது என்ன? நான்கு விதமான மனிதர்களிடம் நான்கு விதமாக மனத்தை வைத்துக்கொள்ளச் சொல்வதுதான் முதலாவது. நன்றாக வாழ்கிறவர்களிடம் நட்பு. துன்பப்படுகிறவர்களிடம் இரக்கம். நல்லது செய்கிறவர்களைக் கண்டு மகிழ்ச்சி. தீயது செய்கிறவர்களிடம் பொருட்படுத்தாமை. இந்த நான்கையும் பழகப் பழக மனம் தெளியும் என்கிறார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒவ்வொன்றாக நம் தெருவில் வைத்துப் பார்ப்போம்.

நன்றாக வாழ்கிறவர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இனிப்புப் பெட்டியோடு வருகிறார்கள். "ரொம்ப சந்தோஷம்மா" என்று வாய் வாழ்த்துகிறது. ராத்திரி படுத்தால் நம் பிள்ளையின் மதிப்பெண் வந்து கண் முன்னே நிற்கிறது. காலையில் அந்தப் பிள்ளையை ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் திட்டுகிறோம். பக்கத்து வீட்டார் நமக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவர்கள் நன்றாக இருப்பதே நமக்கு நோயாகிவிட்டது. பதஞ்சலி இந்த வகையை முதலில் வைத்ததை நான் காரணத்தோடு வைத்ததாகத்தான் பார்க்கிறேன். எதிரியால் வருகிற கலக்கத்தைவிட, உறவும் நட்பும் நன்றாக இருப்பதால் வருகிற கலக்கம் நம் வீடுகளில் அதிகம். இப்போது எல்லார் வீட்டுக் கிரகப்பிரவேசமும் வெளிநாட்டுப் பயணமும் நம் கைபேசிக்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை பேரின் நல்வாழ்வு நம் முன்னால் வந்து நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணை நம் வீட்டுப் பெண்ணாக ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டால், அந்த மதிப்பெண் நம்மைக் குத்துவது நிற்கும். நட்பு என்று அவர் சொன்னது இதைத்தான்.

துன்பப்படுகிறவர்கள். இவர்களிடம் இரக்கம் தானே வந்துவிடும் என்று நினைக்கிறோம். வருவதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறோம். உள்ளே முதலில் எழுவது பயம், நமக்கும் இப்படி வந்துவிடுமோ என்று. அந்தப் பயத்தை மூடுவதற்கு, "அப்பவே வாக்கிங் போங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா?" என்று அறிவுரை சொல்கிறோம். படுத்திருப்பவருக்கு அறிவுரை எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் போதும். அப்படிச் செய்துவிட்டு வந்த நாளில் நம் மனம் எப்படி இருக்கிறது, அறிவுரை சொல்லிவிட்டு வந்த நாளில் எப்படி இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள்.

நல்லது செய்கிறவர்கள். ஒருவர் தம் செலவில் ஊர்க் குளத்தைத் தூர் வாருகிறார் என்று செய்தி வருகிறது. "எலெக்ஷன்ல நிக்கப் போறாரு போல" என்கிறோம். அவர் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். தூர் வாரிய குளத்தில் தண்ணீர் நிற்கப் போகிறது. அதற்காக மகிழ்வதற்கு நமக்கு என்ன தடை? சந்தேகம் என்பது புத்திசாலித்தனத்தின் வேஷத்தில் வருவதால், அது மனத்தை எவ்வளவு அரிக்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை.

நான்காவது வகையைப் பிறகு பேசுகிறேன். அது கடினமானது. அதைத் தவறாகச் சொல்லி நிறையப் பேரைக் காயப்படுத்தியும் இருக்கிறோம்.

இரண்டாவது வழியான மூச்சை இப்போது பார்க்கலாம். இரண்டு வழிகளுக்கும் நடுவே 'அல்லது' என்ற சொல்லைப் போட்டிருக்கிறார் பதஞ்சலி. அதாவது எதிலிருந்தும் தொடங்கலாம். என் அனுபவத்தில் மூச்சிலிருந்து தொடங்குவது பலருக்கு எளிது. கோபம் தலைக்கேறி இருப்பவரிடம் போய் நட்பு, இரக்கம் என்றால் அவருக்குக் காதில் விழாது. முதலில் அவர் உடம்பு இறங்கி வர வேண்டும். கலங்கிய மனத்தின் அடையாளங்களாகத் துயரம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு என்ற நான்கைப் பதஞ்சலி சொல்கிறார். இந்த நான்கில் நாம் நேரடியாகக் கை வைக்கக்கூடியது மூச்சு ஒன்றுதான். துயரத்தைப் பார்த்துப் போ என்றால் போகாது. மூச்சை மெதுவாக விடு என்றால் விட முடியும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பது இன்று ஓரளவு தெரிந்த விஷயம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது. விடும்போது சற்று மெல்லடிக்கிறது. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயம், குடல் வரை போகிற வேகஸ் நரம்பு, மூச்சை விடும் நேரத்தில் இதயத்தின் மேல் தன் பிடியைக் கூட்டுகிறது. ஆகவே வெளிமூச்சை நீட்டினால், ஆபத்து ஒன்றும் இல்லை, அடங்கலாம் என்ற செய்தி உடம்புக்குப் போகிறது. ஓய்வாக இருக்கும் ஒருவர் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அதை 6 முறையாகக் குறைத்தால், இரத்த அழுத்தத்தைச் சீர்படுத்தும் அனிச்சைச் செயல்கள் கூர்மையாகின்றன.

இதில் மனத்துக்கு இதமான ஓர் ஆய்வு உண்டு. இத்தாலியில் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் அவரது குழுவினரும் 2001-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. நலமாக இருந்த 23 பேரை, ஜெபமாலையின் அருள் நிறைந்த மரியே ஜெபத்தை இலத்தீனில் சொல்லச் சொன்னார்கள். பிறகு ஓம் மணி பத்மே ஹூம் என்ற பௌத்த மந்திரத்தைச் சொல்லச் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு வந்து நின்றது. இதயத்தின் தாளமும் சீரடைந்தது. வெவ்வேறு மண்ணில், வெவ்வேறு கடவுளை நோக்கி எழுந்த இரண்டு வழிபாடுகள் ஒரே மூச்சளவில் வந்து சேர்ந்தன. இதைப் படித்த நாளிலிருந்து, வேளாங்கண்ணியில் மாலை உருட்டும் பாட்டியையும், நாகூரில் திக்ரு செய்கிறவரையும், கோயில் பிராகாரத்தில் தேவாரம் ஓதுகிறவரையும் பார்த்தால் எனக்கு ஒரே குடும்பத்தார் போலத் தோன்றுகிறது. ஓதுவதும் பாடுவதும் வெளிமூச்சில்தான் நடக்கின்றன. நீண்ட அடியை ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவருக்கு வெளிமூச்சு தானாக நீளும்.

நம் திருமூலர் அளவே கொடுத்திருக்கிறார். இழுப்பது 16 மாத்திரை, உள்ளே நிறுத்துவது 64, விடுவது 32. இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மூச்சை நிறுத்துவது, நல்ல ஆசிரியர் பக்கத்தில் இருந்து ஆண்டுக்கணக்கில் படிப்படியாக ஏற்ற வேண்டிய பயிற்சி. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கருவுற்றிருக்கும் பெண்கள் மூச்சை நிறுத்தவே கூடாது. நமக்கு வேண்டியது மிக எளிமையானது. மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுங்கள். ஆறு எண்ணும் வரை விடுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். திணறல் வந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கே சாதனை எதுவும் நிகழ்த்த வேண்டியதில்லை.

ஆசனத்தைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறேன் என்று சிலருக்கு மனக்குறை இருக்கலாம். ஆசனத்தின் பெருமையை உலகத்துக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையான ஒருவரின் கதையைச் சொல்கிறேன். திருமலை கிருஷ்ணமாச்சாரியார், 1888-இல் கர்நாடகத்தின் சித்ரதுர்கா பகுதியில் பிறந்தவர். 1930-களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். பி.கே.எஸ். அய்யங்கார், பட்டாபி ஜோயிஸ், வெளிநாட்டிலிருந்து வந்த இந்திரா தேவி எல்லாரும் அவரிடம் பயின்றவர்கள். இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் ஆசனங்களில் பெரும்பகுதி ஏதாவதொரு வழியில் அவர் கையிலிருந்து போனது. மைசூரில் இளம் பையன்களுக்கு வேகமான, கடினமான வரிசைகளைக் கற்றுக்கொடுத்த அதே மனிதர், 1950-களில் சென்னைக்கு வந்த பிறகு பெரிதும் வேறு விதமாகக் கற்பித்தார். வருகிறவர் நோயாளியா, முதியவரா, வேலைக்குப் போகிறவரா என்று பார்த்து, நாடி பிடித்து, ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து, அவருக்கு ஏற்ற பயிற்சியை அமைத்துக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்துவிட்டுத் தந்தையிடமே மாணவராக அமர்ந்து, 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். நூறு வயதைக் கடந்து 1989-இல் கிருஷ்ணமாச்சாரியார் மறைந்தார்.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது, ஒருவருக்கு ஒருவர் என்ற அந்த முறை. ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே நம்பிக்கை இருந்தது. பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட வழியே இல்லாமல் இருந்தது. இன்று பெரிய கூடத்தில் ஐம்பது பேர் வரிசையாகச் செய்யும்போது, முன்னால் இருப்பவர் நெற்றி முழங்காலைத் தொடுகிறது, என்னுடையது தொடவில்லை என்று மனம் கணக்குப் போடுகிறது. நன்றாக வாழ்கிறவரைக் கண்டு கலங்கும் அதே நோயை யோகக் கூடத்துக்குள்ளேயே விலைகொடுத்து வாங்கிக்கொள்கிறோம். நெற்றி முழங்காலைத் தொடாவிட்டால் ஒரு குடியும் மூழ்கிவிடாது.

இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பேச்சு முழுமை பெறாது. கூடுவாஞ்சேரியில் 1911-இல் ஓர் ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி. தறியில் உட்கார்ந்து நெய்தவர், நெசவுத் தொழில் நடத்தியவர், குடும்பஸ்தர். மனவளக்கலை என்ற பெயரில் அவர் வகுத்துத் தந்த முறை, இன்று தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில்கூட மன்றங்களில் கற்றுத்தரப்படுகிறது. எளிய உடற்பயிற்சி, தியானம், காயகல்பம் இவற்றோடு நான்காவதாக அவர் வைத்தது அகத்தாய்வு. எண்ணங்களை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது, கவலை ஒழிப்பது, நான் யார் என்று விசாரிப்பது. இதில் சினத்துக்கு அவர் கொடுத்த பயிற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். தியானத்தில் உட்கார்ந்து கோபத்தை மறக்கச் சொல்லவில்லை. காகிதத்தையும் பேனாவையும் எடுக்கச் சொன்னார். உனக்கு யார் யார் மேல் கோபம் வருகிறது, எதனால் வருகிறது என்று பட்டியல் எழுது. ஒருவரை எடுத்துக்கொள். அவர் இடத்திலிருந்து பார். இனி அவரிடம் சினம் கொள்வதில்லை என்று முடிவு செய். அவரை மனத்தில் நிறுத்தி வாழ்த்து. வாழ்க வளமுடன் என்று அவர் சொன்ன வாழ்த்து இன்று வணக்கம் சொல்வதைப் போலப் பழகிவிட்டது. அந்த வாழ்த்தை இந்தப் பயிற்சியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என்னிடம் பயில வந்த ஒரு வங்கி ஊழியர் இப்படிப் பட்டியல் எழுதினார். மேலாளர் பெயர்தான் முதலில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாராம். ஒரு வாரம், கோபம் வரும்போதெல்லாம் குறித்து வைத்ததில், மேலாளர் பெயர் எப்போதாவதுதான் இருந்தது. திரும்பத் திரும்ப இருந்தது மனைவி பெயரும், பத்தாவது படிக்கும் மகன் பெயரும். சினம் அதிகமாகப் பாய்வது நமக்கு நெருக்கமானவர்கள் மேல்தான் என்று மகரிஷி ஓயாமல் சொன்னார். மேலாளரிடம் காட்ட முடியாதது வீட்டு வாசலைத் தாண்டியதும் வெளியே வருகிறது. அந்த நண்பர் பிறகு வேலையிலிருந்து வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்து, நான் சொன்ன நான்கு-ஆறு மூச்சைச் சிறிது நேரம் செய்துவிட்டு உள்ளே போக ஆரம்பித்தார். அவர் மகன் என்னிடம் சொன்னதைத்தான் நான் பெரிய சான்றிதழாக வைத்திருக்கிறேன். "இப்பல்லாம் அப்பா வந்தா நான் ரூமுக்குள்ள போறதில்லை, அங்கிள்" என்றான்.

மூச்சும் மனித உறவும் கைகோக்கும் இடம் இதுதான். மூச்சு ஓர் இடைவெளி தருகிறது. அந்த இடைவெளியில், எதிரே நிற்பவர் யார் என்று நமக்கு மறுபடி தெரிகிறது. இடைவெளியை மட்டும் வாங்கிக்கொண்டு எதிரே இருப்பவரைப் பார்க்காமல் விட்டால், பயிற்சி முடிந்த அரைமணியில் பழைய இரைச்சல் திரும்பிவிடும். நிறைய யோகம் செய்கிறவர்கள் சிலர் வீட்டில் எரிந்து விழுவதைப் பார்த்து, "இவ்வளவு யோகா பண்ணி என்ன பிரயோஜனம்?" என்று நீங்கள் கேட்டிருக்கலாம். நியாயமான கேள்வி அது.

இப்போது அந்த நான்காவது வகைக்கு வருகிறேன். தீயது செய்கிறவர்களிடம் பொருட்படுத்தாமை. நம் சமூகத்தில் இதை யாரிடம் சொல்கிறோம்? அடிக்கிறவனிடம் எதுவும் சொல்வதில்லை. அடி வாங்குகிற பெண்ணிடம், "பொறுத்துப் போம்மா, மனசை அமைதியா வெச்சுக்கோ, தியானம் பண்ணு" என்கிறோம். சம்பளம் கொடுக்காத முதலாளியை விட்டுவிட்டு, தொழிலாளிக்கு மன அழுத்தம் போக்கும் வகுப்பு வைக்கிறோம். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். துன்புறுத்தாமை என்ற முதல் இயமம் நம்மையும் சேர்த்துத்தான். பிறர் நம்மைத் துன்புறுத்த விட்டுக்கொடுப்பது அதில் அடங்காது. பதஞ்சலி பேசுவது, தீயவனைப் பற்றி நம் மனத்துக்குள் ஓயாமல் ஓடும் வழக்கை நிறுத்துவது. வெளியே தொடுக்க வேண்டிய வழக்கை நிறுத்துவது இல்லை. காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவர் போகத்தான் வேண்டும். பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டியவர் அழைக்கத்தான் வேண்டும். புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, ராத்திரி முழுக்க அந்த ஆளோடு மனத்துக்குள் வாதாடித் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம் என்பதற்கு இந்தப் பயிற்சி உதவும். தெளிந்த மனம் உள்ளவர் புகாரை நன்றாகவே எழுதுவார், சாட்சியை நிதானமாகச் சொல்வார்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வு நோயாக முற்றியவர்களை, "யோகா பண்ணு, சரியாயிடும்" என்று சொல்லி வைத்தியத்திலிருந்து தடுக்காதீர்கள். யோகம் துணை நிற்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையே யோகத்தைச் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்துகிறது. சேர்த்து என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு வா என்று எந்த நல்ல ஆசிரியரும் சொல்ல மாட்டார். பழைய கொடிய அனுபவம் உள்ள சிலருக்குக் கண்ணை மூடுவதே பயமாக இருக்கும், பார்க்க விரும்பாத முகம் வந்து நிற்கும். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சை எண்ணலாம், மெதுவாக நடந்தபடியே எண்ணலாம். அதுவும் முடியவில்லை என்றால் விட்டுவிடலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை உங்கள் கைபேசியில் இப்போதே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், பக்கத்து வீட்டில் யாருக்காவது தேவைப்படும்.

நாளைக் காலையிலேயே தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கொஞ்சம் கை கால் அசைத்து உடம்பைத் தளர்த்திக்கொண்டு, ஐந்து நிமிடம் அந்த மூச்சுப் பயிற்சி. பிறகு சும்மா உட்காருங்கள். யாராவது வந்து நிற்பார்கள். துரத்த வேண்டாம். இவர் நால்வகையில் எந்த வகை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக வாழ்கிறவரா, துன்பப்படுகிறவரா, நல்லது செய்கிறவரா, தீங்கு செய்தவரா. பல நேரம், தீங்கு செய்தவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தவர் துன்பப்படுகிறவராக இருப்பார். மாலையில் நேரம் கிடைத்தால் சினப் பட்டியலை எழுதுங்கள். அந்த நோட்டை வீட்டில் வேறு யார் கையிலும் சிக்காத இடத்தில் வையுங்கள், படிப்பவர் மனம் புண்படும். மாதம் ஒருமுறை கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தரையில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்பதில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியில், முதுகு நேராக, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார்ந்தால் போதும். கால் எட்டாவிட்டால் கீழே ஒரு பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்வரிசையில் இருப்பவர்கள் கேள்வி கேட்க விரும்பினால் முன்னால் வந்து உட்காரலாம், இங்கே இடம் இருக்கிறது.